‘கசிவு இல்லை’ என்று டிக் அடித்த கதை

பட்டியல் போட்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. டிக் அடித்த வரியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டோம். என் கல்யாணம் நிச்சயமானது இந்த வியாதியால்தான்.

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியர். கோவையில் ஒரு கம்பெனியில் வண்டிகளைச் சோதிக்கிற வேலை. வீடு சோமனூரில். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்குடோன்; எட்டு விசைத்தறிகள். வெளியூர்க்காரர்கள் எங்கள் வாசலில் நின்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அது சத்தமாகவே தெரியாது. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

பவானியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கதிர், அவருடைய அப்பா, அம்மா. பஜ்ஜி, காபி எல்லாம் முறைப்படி முடிந்தது. பேச்சு தீர்ந்துபோன ஒரு கட்டத்தில் கதிரின் அப்பா, சும்மா மரியாதைக்காக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

“ஏன் அம்மணி, எங்க கார் சூடாச்சுன்னா நின்ன எடத்துல நடுங்குது. ஓடறப்ப ஒண்ணுமில்ல. எதனால இருக்கும்?”

வேறு பெண்ணாக இருந்தால் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பாள். நான் உள்ளே போய், பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, டூல் பாக்ஸோடு வெளியே வந்தேன்.

“வேண்டாங் கண்ணு,” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அரை மணி நேரந்தாம்மா.”

நோட்டில் பட்டியல் போட்டேன். ஒன்று: ரப்பர் குழாய்களில் காற்றுக் கசிவு. விரிசல் இருந்தால் இன்ஜின் அது வழியாகக் காற்றை உறிஞ்சும். ‘உஸ்’ என்று சத்தம் வரும். ஸ்டார்ட் செய்து, நடுக்கம் வரும்வரை சூடாக்கி, பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ‘கசிவு இல்லை’ என்று எழுதி டிக் அடித்தேன். இரண்டு: ஸ்பார்க் பிளக். மூன்று: த்ராட்டில் பாடி. இப்படியே ஏழு.

சிக்கல் என்னவென்றால், நடுக்கம் சூட்டில்தான் வரும். அந்தச் சூட்டில் கை வைத்துக் கழற்ற முடியாது. ஆகவே ஆறவிட்டு, கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி சூடாக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தால் பழையபடி நடுங்கும். ஒரு டிக்குக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். பத்தரைக்குத் தொடங்கியவள் ஒன்றரைக்கு ஐந்தாவது வரியில் இருந்தேன். கதிர்தான் டார்ச் பிடித்தார். “அடுத்து என்னங்க?” என்பதைத் தவிர வாயே திறக்கவில்லை.

வீட்டுக்குள்ளே நிலைமை மோசம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம்: சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம் பரவாயில்லை. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கதிரின் அம்மாவோ முடிவுக்கே வரவில்லை. “ஊட்டுக்குப் போயி கலந்து பேசிச் சொல்றோமுங்க” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஊட்டுக்குப் போக வேண்டிய வண்டி பழைய பேப்பர் மேல் வரிசையாகக் கிடந்தது. (வரிசை எண் போட்டிருந்தேன்.)

உள்ளே நடந்த பேச்சைப் பிற்பாடு கதிரின் அம்மாதான் சொன்னார்.

“டாக்சி சொல்லட்டுங்களா?” என்று கேட்டிருக்கிறார் அப்பா.

“சேச்சே. புள்ள இவ்வளவு அக்கறையாப் பாக்குது. டாக்சில போனா மரியாதையா இருக்குமுங்களா?”

“அப்ப ஒரு வாய் சாப்பிடுங்க.”

“பசியே இல்லீங்க,” என்று நான்காவது தட்டு பஜ்ஜியை முடித்திருக்கிறார் கதிரின் அப்பா. என் அம்மா, வாழைக்காய் தீர்ந்து, வெங்காயமும் தீர்ந்து, பிரட்டை மாவில் முக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அவர் மனைவியின் காதில், “ஏம்புள்ள, வாசம் அரிசிம்பருப்பு சோறாட்டத் தெரியுது?”

“பேசாம இருங்க.”

“நெய் வேற காச்சறாங்க.”

மூன்றேகாலுக்கு, ஏழாவதையும் மாட்டி இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில், என் முழங்கைக்குக் கீழே, தெளிவாக: உஸ்ஸ்ஸ்.

“ஏனுங்க, பாம்புங்களா?” என்றார் கதிர். (அன்று அவர் பேசிய இரண்டாவது வாக்கியம்.)

“இல்லீங்க. முதல் வரி.”

விரல் நீளக் குழாய். அதன் நுனியில் விரிசல். சூட்டில் ரப்பர் இளகியதும் வாய் திறந்துகொள்கிறது. துணி சுற்றிய விரலால் அழுத்தினேன். நடுக்கம் நின்றது. வண்டியை நிறுத்தி, விரிசல் விட்ட நுனியை வெட்டி எறிந்து, மிச்சத்தை மாட்டினேன். மொத்தம் இரண்டு நிமிடம்.

கிரீஸ் கையோடு உள்ளே ஓடினேன். “சரியாயிருச்சுங்க! இப்பவே கெளம்பலாமுங்க!”

கதிரின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். முன்னால் வாழை இலை. கை மணிக்கட்டு வரை அரிசிம்பருப்பு சோறு.

“இதைய ரெண்டு நிமிசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா அம்மணி?” என்றார். பிறகு மனைவியிடம், “நனைச்சாச்சு. நீயும் உக்காரு.”

கதிரின் அம்மா கணவரைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். தலை முதல் கால் வரை என்னைப் பார்த்தார். “ஊறுகாய் இருக்குதுங்களா?” என்று என் அம்மாவிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “உனக்குச் சம்மதமா கண்ணு? இல்லீன்னா சொல்லு, நான் பேசிக்கறேன்.”

யோசித்தேன். ஐந்து மணி நேரம் தன் சொந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றும் ஒரு யோசனைகூடச் சொல்லாத ஆண். பட்டியலே தேவைப்படவில்லை. “சம்மதம்ப்பா.”

கல்யாணமாகி மூன்று வருடம். “எங்கப்பா பசி தாங்காம என்னைய வித்துப்போட்டாருங்க” என்று கதிர் இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வார். போன மாதம் கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். கார் சாவியோடு வாசலில் நின்ற மாமனார் என்னிடம் கேட்டார்.

“பொண்ணு என்ன படிச்சிருக்குது?”

“மெக்கானிக்கலுங்க மாமா.”

சாவியைத் திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

“எல்லாரும் வயிறு நெறையச் சாப்பிடுங்க. பஸ்ல போலாம்.”