இசபெல்லா டீச்சர் வீட்டு ரெகுலேட்டர்

மாரண்டஹள்ளி
3-11-1987

என் பீசு மாமாவுக்கு,

உங்கள் மனைவி புஷ்பமேரி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் ஆத்தும சுகத்துக்குச் சாமியார் மாதா மாதம் பூசை வைக்கிறார், ஆகையால் அதைக் கேட்கவில்லை. இதைத் தபாலில் போட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் கல்லறையில் ஒரு கல்லுக்கு அடியில் வைக்கிறேன். கோபம் வந்தால் பட்டென்று பீஸ் போகிற ஆள் நீங்கள். இந்தத் தடவை கோபம் வந்தது எனக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று கல்லறைத் திருநாள். நீங்கள் போன பிறகு வந்த முதல் திருநாள் என்று விடிந்ததும் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு வந்தேன். பார்த்தால் எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. என்னுடையதைவிட ஒரு சாண் உயரம். பக்கத்துக் கல்லறையில் நின்ற நம் தெரு ரோசம்மாள், "இசபெல்லா டீச்சர் வெச்சாங்க. பாவம், ரொம்ப நேரம் முட்டி போட்டிருந்தாங்க" என்று சிரித்தாள். அந்த மெழுகுவத்தியைவிட என் வயிறு நன்றாக எரிந்தது.

போன தவக்காலத்தில் டீச்சர் வீட்டுப் பேனுக்கு ரெகுலேட்டர் மாட்டப் போனீர்கள். நம் வீட்டில் இருப்பது மாதிரி செங்கல் அளவுப் பெட்டி இல்லை, சுவிட்சுப் போர்டிலேயே உட்காருகிற புது மாதிரி, இரண்டு விரலால் திருகினால் போதும் என்று நீங்களே பெருமை பேசினீர்கள். அதற்கு ஒரு தடவை போதாதா? ஏழு தடவை போனீர்கள். ஏழு தடவையும் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், "உனுக்கு ஒண்ணும் புரியாது, போடி" என்றீர்கள். நம் வீட்டுப் பேன் ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஒரே ஓட்டம். மார்கழியில் ஒயர்மேன் பெண்டாட்டி கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் காற்றைக் கூட்டிக் குறைத்தீர்கள், எனக்கு மட்டும் நேரம் இல்லை.

கல்லறையிலிருந்து நேராக டீச்சர் வீட்டுக்கே போனேன். தலையில் ஒரு முடி நரைக்கவில்லை அவருக்கு. அதையும் பார்த்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு இங்க ஏழு தடவ வந்தாரே, எதுக்குங்க?"

"அத ஏன்க்கா கேக்கறீங்க. அந்த ரெகுலேட்டரு தலகீழா ஓடுது. கூட்டுனா கொறையுது, கொறச்சா கூடுது. ஒவ்வொரு தடவயும் கழட்டுவாரு, ஒயர மாத்துவாரு, மாட்டுவாரு, மறுபடியும் அப்பிடியே. 'எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ஊர்லயே நான்தான் நல்ல ஒயர்மேன்னு நெனச்சிட்டிருக்கா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. மனுசன இப்பிடி அலைய வெச்சிட்டமேன்னுதான் பெரிய மெழுகுவத்தியா வெச்சேன்."

நானே போய்த் திருகினேன். 'டிக்' என்றதும் பேன் சூறாவளியாகச் சுற்றியது. கடைசி வரை திருகினேன், அடங்கிப்போய்ச் சாதுவாக ஓடியது. நீங்களும் அப்படித்தானே மாமா. நீங்கள் போன பிறகு நேற்றுத்தான் சிரித்தேன். டீச்சர் கொடுத்த காபியை அந்தப் பேனுக்கு அடியில் உட்கார்ந்து குடித்தேன். காற்று பதமாக இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது.

வரும் வழியில், உங்களோடு ஒயரிங் வேலை பார்த்த முனியப்பனிடம் சொன்னேன். "அது அப்பிடித்தான்க்கா. கம்பெனியே அப்பிடித்தான் செய்யறான். எடுத்ததும் வேகமாக் கெளம்பும், திருகத் திருக அடங்கும். பெட்டிக்குள்ள இருக்கற பேப்பர்லயே போட்டிருக்கும். அண்ணன் படிக்கலயாட்ட இருக்குது" என்றான்.

படிக்காததற்கா ஏழு தடவை? உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் மாமா, மன்னிச்சிருங்க. ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டு வரும் மெழுகுவத்தி டீச்சருடையதைவிடப் பெரியதாக இருக்கும். அங்கே இருக்கிற என் மாமியாருக்குத் தோத்திரம் சொல்லுங்கள். என்னைப் பற்றி அவர் சொல்வதை நம்ப வேண்டாம். மாதா உங்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
புஷ்பமேரி

பின்குறிப்பு: கடிதத்தைக் கட்ட நூல் தேடி உங்கள் டூல்ஸ் பையைத் திறந்தேன். அந்த ரெகுலேட்டர் பேப்பர் உள்ளே இருந்தது, நாலாக மடித்து. தமிழிலும் அச்சடித்திருக்கிறான், எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முதலில் முழு வேகம்' என்ற வரிக்கு அடியில் உங்கள் சிவப்புப் பென்சில் கோடு. மாமா, இத நீங்க மொத தடவ போறதுக்கு முன்னாடி படிச்சீங்களா, ஏழாவது தடவ போயிட்டு வந்து படிச்சீங்களா?