பாதிக் கிணற்றில் கவ்விய பேக்கர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். தலைமை அலுவலகத்தில் சொல்லி நீங்கள் வாங்கிக் கொடுத்த எண்ணெய்க் கிணற்று வேலைக்கு எங்கள் மேனேஜர் உலை வைத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை.

எண்ணெய் வரும் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அதன் இடுப்பில் பேக்கர் என்று ஒன்றை மாட்டுவோம். ரப்பர் வளையம், சுற்றிலும் இரும்புப் பல். அடி ஆழத்துக்குப் போனதும் பம்பைப் போட்டு அழுத்தம் கொடுத்தால், பல் கிணற்றுச் சுவரைக் கவ்வும், ரப்பர் உப்பி இடைவெளியை அடைக்கும். கவ்வினால் கவ்வியதுதான், உங்கள் தங்கையின் பிடிவாதம் மாதிரி. குழாய் பாதி தூரம் போயிருக்கும்போது, சேர்மன் வருகைக்கு ஒத்திகை என்று மேனேஜர் போட்டோகிராபர் சகிதம் வந்து நின்றார். "பம்ப் பட்டனை நான் அமுக்குற மாதிரி ஒரு படம் எடுய்யா" என்றார். "சார், அமுக்குற மாதிரி நில்லுங்க, அமுக்கிடாதீங்க" என்று கெஞ்சினேன். "எனக்கே பாடமா? முகத்துல இயற்கையா வரணும்ல!" என்று அமுக்கியே விட்டார். உள்ளே பேக்கர் லபக்கென்று கவ்விக்கொண்டது. குழாய் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? "கொஞ்சம் எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வராதா?" எண்ணெய்க் கிணற்றுக்கு மேனேஜர், மச்சான்!

அதோடு விட்டாரா? பட்டனை அமுக்கியது நான் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். படத்தைக் காட்டுங்கய்யா என்றால், கேமரா மூடியைக் கழற்றவே இல்லையாம். போட்டோகிராபர் அவருடைய சகலை, வேறென்ன சொல்வான்? எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது மச்சான். பம்ப் ஆபரேட்டர் ஒருத்தன்தான், "அண்ணே, நான் கண்ணால பார்த்தேன், எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன், வேலை போனா போகட்டும்"னு எனக்காக நிக்கிறான். அவன் முகத்துக்காகவாவது தலைமை அலுவலகத்துல உங்க டைரக்டர் காதுல விஷயத்தைப் போட்டு வையுங்க. என் பிள்ளைங்க மேல சத்தியமா, அந்தப் பட்டனை நான் தொடவே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் என்னைப் போல் இல்லாமல் நல்லபடியாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்களையே மலைபோல் நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: டைரக்டரிடம் எதுவும் பேச வேண்டாம். மேனேஜர் இப்போதுதான் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தங்கமான மனுஷர், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். என்னை உதவி மேனேஜர் ஆக்குகிறார். விசாரணையை நடத்தப் போவதும் நானேதான். பட்டனை அமுக்கியது பம்ப் ஆபரேட்டர். நானே கண்ணால் பார்த்தேன்.