பஸ் நிறுத்தத்தில் இருந்தது நானே

சான்டா கிளாரா,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க திருப்பூர் சம்பந்தி செல்வராஜ் அவர்களுக்கு,

நெடுஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வசந்தாமணியும் மகள் வான்மதியும் சுகம். அங்கே தாங்களும், முக்கியமாகத் தங்கள் ரத்த அழுத்தமும், சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் படத்தில், பஸ் நிறுத்தத்தில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்குகிறவர் நான்தான். எடுத்தது இங்கேயே இருக்கும் தங்கள் தங்கை மகள் சண்முகப்ரியா. அதைப் பார்த்து எனக்கு வேலை போய்விட்டது, காரை விற்றுவிட்டேன் என்று தாங்கள் முடிவு கட்டியதில் தவறே இல்லை. இந்த ஊரில் நம் ஆள் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் நேற்று போனில், "ஒண்ணும் அவசரமில்லீங்க சம்பந்தி, நிச்சயத்தை ஆடி கழிச்சு வெச்சுக்கலாம், நீங்க மொதல்ல உங்க நெலமையைச் சரி பண்ணுங்க" என்றீர்களே, அதிலிருந்து வான்மதி என்னிடம் பேசுவதில்லை. பேசினாலும், "அப்பா, ஜஸ்ட் ஃபிக்ஸ் இட்" என்கிற ஒரே வாக்கியம்தான். ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனி, ஆட்கள் காரை விட்டுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வர ஏதாவது உதவி செய்தே தீர வேண்டும் என்று ஒரு சட்டம். எங்கள் கம்பெனியில், சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்பே பஸ் காசை எடுத்து ஒரு கார்டில் போட்டுவிடுவார்கள். அதற்கு வரி கிடையாது. இந்த மாதிரிச் சலுகைகளுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை படிவம் வரும். பக்கத்து சீட் ஸ்ரீநிவாஸ், "ஒண்ணையும் விடாதீங்க சார், எல்லாத்தையும் டிக் பண்ணிடுங்க" என்றார். பண்ணிவிட்டேன். எங்கள் வீட்டில் மீன்தொட்டிகூடக் கிடையாது, நாய்க்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. கார்டில் விழுந்த காசைத் திரும்ப எடுக்க முடியாது, பயணத்தில்தான் தீர்க்க வேண்டும் என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. விடுவேனா? கார் சாவியை வசந்தாமணியிடம் கொடுத்தேன், லேப்டாப்பையும் தயிர்சாதத்தையும் கட்டைப்பையில் போட்டேன், பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனே தவிர, பஸ்ஸில் ஏற விட்டால்தானே. முதல் நாளே தமிழ்ச் சங்கத்து ரஞ்சித்குமார் காரை ஓரங்கட்டி, "என்ன அங்கிள் இது, ஏறுங்க" என்றார். ஏறி உட்கார்ந்து சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். "விடுங்க அங்கிள், இந்த வருஷம் எல்லாருக்கும் நடக்குது" என்று என் தோளைத் தட்டினார். நான் படிவம் வரைக்கும்கூட வரவில்லை, அதற்குள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "இன்டர்வ்யூ நல்லா பண்ணுங்க அங்கிள்" என்று போய்விட்டார். மறுநாள் விசாலாக்ஷி மாமி. ஏற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். பின்னால் பஸ்ஸே வந்து ஹாரன் அடித்தது. மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வெக்கப்படாதீங்கோ, நாங்கள்ளாம் இல்லையா" என்கிறார். மாமியை மீற முடியுமா? பஸ் எங்களைத் தாண்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் வண்டியில் வந்தவர் பின்சீட்டில் ஒரு மூட்டை பொன்னி அரிசி வைத்திருந்தார். எனக்காம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வாங்கிக்கொண்டேன். நல்ல அரிசி சம்பந்தி. "வேலை போனவருக்குக் குடுத்த அரிசிய வேலையில இருக்கற மனுசன் திங்கலாமுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள். கேட்டுக்கொண்டே குக்கரில் வைத்தாள்.

இனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று மறுநாள் காலை ஆறு மணிக்கே போனேன். அந்தத் தூக்கத்தைத்தான் சண்முகப்ரியா படமெடுத்தாள். பஸ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இன்றுவரை அந்தக் கார்டை ஒரு பஸ் டிரைவரும் பார்த்ததில்லை.

ஆகையால் சம்பந்தி, எனக்கு வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, நாய்தான் இல்லை. பேசிய தேதியிலேயே நிச்சயத்தை வைத்து, என் மகள் என்னோடு மறுபடி பேசும்படி செய்ய வேண்டும். அடுத்த வாரம் ரவுண்ட் ராக் ஊரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை மகிழனைப் பார்க்க வருகிறீர்களே, அப்படியே இங்கும் வந்து நேரில் விசாரித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். சண்முகப்ரியாவிடம், படம் தெளிவாக வந்திருக்கிறது என்று சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
நெடுஞ்செழியன்

பி.கு.: கடிதத்தைப் படித்துவிட்டு வசந்தாமணி, "இத்தனை எழுதுனீங்கல்ல, அதையும் எழுதிருங்க. அவங்க வந்தா தெரியத்தானே போகுது" என்கிறாள். சரி. எனக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்கத் தாங்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. எங்கள் பால்கனியில் நின்றாலே, எதிர்ச்சாரியில் ஆபீஸும் அதில் என் ஜன்னலும் தெரியும், கையாட்டுகிறேன். பஸ் நிறுத்தம்தான் கொஞ்சம் தூரம்.