கொஞ்சம் தள்ளி

“பின்னாடி குப்பைத்தொட்டி தெரியுதே” என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

படக்காரர் கேமராவின் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரியத்தான் செய்தது. முக்கால் மணி நேரம் மண்டியிட்டு, காரின் கதவிலும் பானட்டிலும் ரப்பர் கிண்ணங்களை அழுத்தி ஒட்டி, அவற்றின் மேல் எட்டடிக் கம்பத்தைப் பூட்டி, கம்பத்தின் நுனியில் கேமராவை மாட்டி எடுத்த முதல் படம். கார் பளிச்சென்று இருந்தது. சாலையும் மரங்களும் கோடு கோடாக ஓடின. குப்பைத்தொட்டியும் பச்சைக் கோடாக ஓடியது. ஓடினாலும் அது குப்பைத்தொட்டிதான் என்று தெரிந்தது.

“அதை கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம் மாஸ்டர். கம்பத்தையே அழிக்கப் போறேன், தொட்டி எம்மாத்திரம்?”

“எதுக்குங்க வம்பு? கொஞ்சம் தள்ளிப் போயிட்டா முடிஞ்சது.”

படக்காரர் பெருமூச்சு விட்டார். தள்ள வேண்டியது அவர்தான்.

அவருடைய தொழிலின் ரகசியமே அதுதான். படத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிற கார், உண்மையில் நடக்கிற வேகத்துக்குக் கூடப் போகாது. எஞ்சினைப் போட்டால் அதிர்வில் கேமரா ஆடிவிடும். அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளி, கையிலிருக்கும் ரிமோட்டால் ஐந்து விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் உலகமே கோடாகிவிடும். இதைச் சொன்னதும் எல்லாக் கார்க்காரர்களும் ஏமாந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். “தள்ளுறதா? என் வண்டியையா?” என்பார்கள்.

மாஸ்டர் அப்படியில்லை. ஸ்கூல் போர்டுக்கு, கார் பறக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அவரே தேடி வந்தார். “எஞ்சினைப் போடவே வேணாமா? நிச்சயமா வேணாமா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். “அப்ப நாளைக்கே வெச்சுக்கலாம்” என்று எழுந்து கையைக் குலுக்கினார். இருபது வருஷத்தில் தன் தொழிலை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மனிதரைப் படக்காரர் பார்த்ததே இல்லை.

“மாமா, ஒரு கை குடுங்க” என்றான் மைத்துனன். படக்காரர் மனைவியின் தம்பி. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவனை, சும்மா கூட வா என்று அழைத்து வந்திருந்தார்.

இருவரும் தள்ளினார்கள். படக்காரரின் வலது முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ‘களுக்’ என்றது.

அடுத்த தெரு. படம் அமைந்தது. மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்திருந்தார்.

“அய்யய்யோ, பெல்ட் போடலையே!” என்றார் அதே மாஸ்டர். “டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் பெல்ட் போடாம போர்டுல சிரிச்சா நல்லாவா இருக்கும்?”

“சரி, பின்னாடி தள்ளி, முதல்லேர்ந்து எடுத்திடலாம்.”

“பின்னாடி எதுக்குங்க? வந்தது வந்தாச்சு, முன்னாடியே போவோம்.”

பையில் போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க? பன்னெண்டு மணிக்கு பொண்ணோட ஸ்கூல்ல இருக்கணும். அப்பா கட்டாயம் வரணும்னு டீச்சர் சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காங்க. மூணு தடவையா நான் மட்டும்தான் போய் முழிச்சிட்டு வரேன்.”

“இதோ, தள்ளிட்டே இருக்கேன்.”

“அதான் தெரியுமே! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்தையும் தள்ளிப் போட்டுட்டேதானே இருக்கீங்க!”

வைத்துவிட்டாள். மணி பதினொன்று.

மூன்றாவது தெரு குறுகல். எட்டடிக் கம்பம் கடைகளின் வாசலை உரசிக்கொண்டே போனது. சலவைக் கடை வாசலில் ஹேங்கரில் தொங்கிய வெள்ளைச் சட்டை ஒன்று கம்பத்தில் மாட்டிக்கொண்டது, பின்னால் தலையைக் குனிந்து தள்ளிய இருவருக்கும் தெரியவில்லை. படத்தில் கார் பறந்தது. பக்கத்திலேயே ஒரு சட்டையும் பறந்தது. சலவைக் கடைக்காரர் அதைத் துரத்திக்கொண்டு ஓடிவருவதும் மங்கலாகப் பதிந்திருந்தது.

“யோவ், மடிச்சு வைக்க வேண்டிய சட்டை! இப்ப திரும்பவும் துவைக்கணும்!”

அவரைச் சமாதானப்படுத்த இருபது நிமிஷம் ஆயிற்று. படக்காரரே சட்டையை உதறி, அழுக்கு எங்கே என்று தேடி, கிடைத்த ஒரே கறையும் தன் விரலிலிருந்து ஒட்டியது என்று கண்டுபிடித்தார்.

“இந்தத் தெரு சரிப்படாது” என்றார் மாஸ்டர், காரை விட்டு இறங்காமலே. “கொஞ்சம் தள்ளி அகலமான ரோடு ஒண்ணு இருக்கு.”

“மாமா, என்னால முடியாது” என்று மைத்துனன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். “வேலை இல்லாம இருக்கறதே எவ்வளவோ தேவலை.”

அந்த நேரம் பார்த்துத் தையல்கார அக்கா வந்து சேர்ந்தாள். மாஸ்டரிடம் மூன்று மாதமாக ஓட்டக் கற்றுக்கொள்பவள். பதினொன்றரை மணி வகுப்புக்கு வந்து, ஸ்கூல் பூட்டியிருப்பதைப் பார்த்து, தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

“என்ன மாஸ்டர், ஒரு வாரமா கரும்பலகையில கிளட்ச் படம் போட்டே பாடம் நடத்துறீங்க. இன்னைக்காவது வண்டியைத் தொட விடுவீங்களா?”

“தாராளமா தொடும்மா” என்றார் மாஸ்டர். “பின்னாடி வந்து தொடு.”

அக்கா தொட்டாள். கார் குதித்து முன்னே போனது. கம்பம் ஆட, படம் கலங்கியது.

“அக்கா, மெதுவா! குழந்தையைத் தொட்டில்ல ஆட்டுற மாதிரி!”

“அப்படியே பழகிட்டேன் சார். என் தையல் மெஷினை நாலு மாடி நானே தூக்கிட்டுப் போனவ” என்றாள். சற்று தூரம் தள்ளியதும் அவள் முகம் மலர்ந்தது. “மூணு மாசத்துல இன்னைக்குத்தான் மாஸ்டர் இந்த வண்டி நான் சொன்ன பேச்சைக் கேக்குது!”

அகலமான ரோடு வந்தது. அங்கே எதிராளி டிரைவிங் ஸ்கூலின் போர்டு, ஆளுயரத்துக்கு.

படக்காரர் வாயைத் திறக்குமுன் மாஸ்டரே சொன்னார். “கொஞ்சம் தள்ளி.”

போன் மறுபடி அடித்தது. பன்னிரண்டு ஐந்து. அவர் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? மைத்துனனைக் கெஞ்சி எழுப்பி, அக்காவை நடுவில் விட்டு, மூன்று பேருமாகத் தம் கட்டித் தள்ளினார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு படம், இது மட்டும் அமைந்துவிட்டால் ஆட்டோ பிடித்து ஓடிவிடலாம். மகள் வகுப்பறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நினைப்பில், ரோடு சரிவாக இறங்குவதை அவர் கவனிக்கவில்லை.

கார் கவனித்துவிட்டது. ஆறு கைகளையும் உதறிவிட்டு, தானே உருண்டது.

“பிரேக்! மாஸ்டர், பிரேக்!”

“அமுக்கிட்டுத்தாங்க இருக்கேன்! லேசுல பிடிக்க மாட்டேங்குது!”

படக்காரர் ஓடினார். அவர் பிழைப்பே கம்பத்தின் நுனியில் தொங்கிக்கொண்டு போனது. முழங்காலின் ‘களுக்’ எல்லாம் மறந்துபோயிற்று. ஓடுகிற ஓட்டத்தில், கையிலிருந்த ரிமோட்டை அவர் எப்போது அமுக்கினார் என்று அவருக்கே தெரியாது. சரிவு முடிந்து, சமதரையில் கார் மெல்ல மெல்ல அடங்கி, ஒரு தகரக் கூரையின் கீழ் போய் நின்றது.

அவர் மூச்சு வாங்கக் கேமராவைக் கழற்றிப் பார்த்தார்.

குப்பைத்தொட்டி இல்லை. சட்டை இல்லை. உலகம் முழுக்க வெள்ளிக் கோடுகளாக ஓட, நடுவே அந்தப் பழைய கார் ஒரு மயிரிழை கலங்காமல், இப்போதுதான் பிறந்த மாதிரி பறந்தது. உள்ளே பெல்ட் போட்ட மாஸ்டர். பயத்தில் பல்லைக் கடித்திருந்ததுகூடச் சிரிப்பு மாதிரியே விழுந்திருந்தது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததில்லை.

“மாஸ்டர்” என்றார். “நீங்க மட்டும் இடம் இடமா மாத்தச் சொல்லலேன்னா, இது கிடைச்சிருக்காது. கலையை மதிக்கிற மனுஷன் நீங்க.”

மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றினார். படக்காரர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்.

தகரக் கூரையின் உள்ளேயிருந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி மெக்கானிக் வெளியே வந்தார். காரைப் பார்த்தார். அக்காவையும் மைத்துனனையும் படக்காரரையும் ஒவ்வொருவராக எண்ணினார்.

“எஞ்சின் போன வண்டியைத் தள்ளிட்டு வர ஆளே கிடைக்கலைன்னு ஒரு வாரமா புலம்பினீங்களே மாஸ்டர், இன்னைக்கு மொத்தமா மூணு பேரை எங்க பிடிச்சீங்க?”