சோடாக்காரர் வேண்டிக்கொண்டது

சாமி இல்லை, சாமி இல்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு, சாமி புண்ணியத்திலேயே மூன்று வேளையும் சாப்பிட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஆலங்குடிச் சோடாக்காரர்.

அவருக்கும் அப்பன் ஆத்தாள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. விடிந்ததும் அவர் சோடா மிஷினைச் சுற்றுகிற சத்தம் கேட்கும். சில நாள் கேஸ் கூடிப்போய் பாட்டில் வெடிக்கும். அன்றைக்கு எங்கள் தெருவில் அடுப்புப் பால்கூடப் பயந்து பொங்கிவிடும். கையெல்லாம் கண்ணாடி கிழித்த தழும்பு. முகமெல்லாம் சின்ன வயசில் அம்மை போட்ட தழும்பு. “கையில இருக்கது நானா தேடிக்கிட்டது. மூஞ்சியில இருக்கது ஒங்க ஆத்தா குடுத்தது” என்பார்.

வியாபாரம் முழுக்கத் திருவிழாவில்தான். எங்கே தேர் ஓடினாலும், எங்கே காவடி எடுத்தாலும், தள்ளுவண்டியில் பாட்டில்களை அடுக்கி, ஈரச்சாக்கைப் போர்த்தி, வண்டியில் கட்டிய மணியை அடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அரிமளம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. நான் எதைப் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் நின்று காதால் கேட்டதுதான் அதிகம்.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்திச் சாமி இல்லை என்பார். விரதம் இருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். சித்திரை வெயிலில் கத்தினால் தொண்டை காயாமல் என்ன செய்யும்? ஒரு சோடா வாங்கிக் குடிப்பார்கள். குடித்ததும் தெம்பு வந்து மறுபடி கத்துவார்கள். மறுபடி காயும். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு தடவை அவரை மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். போனார், காலி வண்டியோடு திரும்பி வந்தார். என்ன பேசினீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, “பேசுறவுகளுக்குத்தானே மாப்ள தாகம்? அவுக பேசுனாக, நா வித்தேன்” என்றார்.

அவர் சம்சாரம் அடைக்கியக்கா இதற்கு நேர் எதிர். வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷினுக்கும் பாட்டிலுக்கும் விபூதி பூசும். அவர் ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்ததை அது மறுபடி பூசும். சாமி கும்பிடுகிறவனுக்குச் சுகமா, கும்பிடாதவனுக்குச் சுகமா என்று வீட்டு வாசலில் வண்டிக்கு முன்னால் வாதம் வரும்போதெல்லாம் அவர் இதைத்தான் சொல்வார்: “எந்தலைக்குள்ள ஓடுறது ஓயாது. மழ வருமா, சரக்கு போகுமான்னு முழிச்சுக் கெடப்பேன். அவ பாயில தலையச் சாச்சதும் கொறட்ட. கேட்டா, ஆத்தா பாத்துக்குவாங்கிறா.”

அக்கா உள்ளே இருந்தபடியே பதில் சொல்லும். “இவுக முழிச்சுக் கெடக்கறதாலதான் எனக்குத் தூக்கம் வருது.”

ஒரு வருஷம் அம்மை குத்துகிற ஆள் வந்தபோது, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர் சோடாக்காரர். அத்தனை பேருக்கும் கையைப் பிடித்துக் குத்த வைத்தார். சொந்தச் சம்சாரத்தைத்தான் பிடிக்க முடியவில்லை. ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அக்கா முந்திரிக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஊரே சிரித்தது. திரும்பி வந்து அதுவும் சேர்ந்து சிரித்தது.

மாசி முடிவதற்குள் அக்காவுக்கு உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டுவிட்டது.

அம்மா வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது, சவரம் கூடாது, வெளி ஆள் நுழையக்கூடாது. சாமி இல்லை என்கிற மனிதர் ஒன்றையும் மீறவில்லை. வாசலில் வேப்பிலை சொருகினார். தாடி வளர்த்தார். பாயில் வேப்பிலையைப் பரப்பி, அக்கா கேட்டபோதெல்லாம் அம்மன் தாலாட்டும் பாடினார். ராகம் மட்டும் ஏலம் போடுகிற ராகம். நான் சுவருக்கு மேலாகக் கஞ்சியை எட்டிக் கொடுப்பேன். அப்போது ஒரு நாள் அக்கா பேசியது கேட்டது. குரல் அதனுடையது போலவே இல்லை.

“ஒடம்பெல்லாம் எரியுதுங்க. ஆத்தாளுக்கும் இப்புடித்தானே எரியும். நான் எந்திரிச்சிட்டா அவ மேல சோடா ஊத்துறேன்னு வேண்டிக்கங்க. நம்மகிட்ட வேற என்ன இருக்கு?”

“இல்லாத ஆளுக்கு எரியுமா புள்ள?”

“எனக்காக வேண்டிக்கங்க.”

வேப்பிலையால் விசிறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், “சரி புள்ள. ஊத்துறேன்” என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

அம்மை கண்டு போனவர்களுக்கு மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. அழுதால் ஆத்தாளுக்கு ஆகாது. தூக்க நாலு பேர் வரவில்லை. என் வீட்டுக்காரரை மாமியார் வாசல்படியை மறித்து நின்று போக விடவில்லை. சோடாக்காரர் தள்ளுவண்டியில் பாட்டில் அடுக்குகிற மரச்சட்டங்களைக் கழற்றி அக்காவைக் கிடத்தினார். வண்டிமணிக்குள் துணியை அடைத்தார். பட்டப்பகலில், அவ்வளவு நீளத் தெருவில், சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கு மட்டும் காதால் கேட்க ஒன்றும் இல்லை.

பிறகு பங்குனித் திருவிழா வந்தது. பால்குடம் கோயிலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, தாடியும் ஈரவேட்டியுமாக அவர் வண்டியோடு சன்னதி வாசலுக்கே வந்துவிட்டார். வண்டி நிறையப் புதுப் பாட்டில். அம்மனுக்குச் சோடா ஊற்ற வேண்டும் என்றார்.

ஊர் என்ன நினைக்கும்? பெண்டாட்டி செத்த ஆத்திரத்தில் ஆத்தாளைக் கேலி பண்ண வந்துவிட்டான் என்றுதான் நினைத்தது. பந்தலில் இருந்து இளவட்டங்கள் கம்பை உருவினார்கள். ஒருவன் வண்டியை எட்டி உதைத்ததில் ஒரு பாட்டில் விழுந்து வெடித்தது. அடைக்கி வேண்டிக்கொள்ளச் சொன்னாள் என்று அவர் சொன்னதை யார் நம்புவார்கள்? இத்தனை வருஷமாக அவர் சொன்னதெல்லாம் வேடிக்கை. இப்போது மட்டும் நிஜம் என்றால்?

பூசாரி கம்புக்காரர்களை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். “ஏய்யா, சாமியே இல்லைங்கிறவன் நீ. ஒனக்கு எதுக்கு வேண்டுதலு?”

“எனக்கு இல்லதான். அவளுக்கு இருந்துச்சு” என்றார்.

“யாரு சாச்சி?”

அம்மா வந்த வீட்டுக்குள் எவர் போயிருப்பார்? நான் பால்குடம் எடுத்த பெண்கள் கூட்டத்தில் நின்றேன். ஆண்பிள்ளைகள் முன்னால் அதுவரை நான் வாயைத் திறந்தது கிடையாது. என் குரல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “அக்கா சொன்னது நெசந்தான். நாங் கேட்டேன்” என்றேன். மாமியார் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

பூசாரி விடவில்லை. “எந்திரிச்சாத்தானே வேண்டுதலு? அவதான் போயிட்டாளேய்யா. அதோட தீந்துச்சு.”

சோடாக்காரர் அன்றைக்குத்தான் குரலை உயர்த்தாமல் பேசினார். “ஒங்க ஆத்தா அவளக் காப்பாத்தல. அதுக்காக அடைக்கி சொன்ன சொல்லும் போகணுமா?”

கூட்டத்தில் சில பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பூசாரி வண்டிக்குப் பக்கத்தில் போய் ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தார். பிறகு ரொம்பக் கறாராக, வாய் வைத்துக் குடித்த பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாம் புதுசு. சாஸ்திரத்தில் சோடா உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். பூசாரிக்கு வியர்த்தது. யோசித்து யோசித்துக் கடைசியில், “பன்னீர் சோடா இருக்காய்யா?” என்றார். இருந்தது. அம்மனுக்குப் பன்னீர் அபிஷேகம் காலங்காலமாக உண்டு. அதிலே கொஞ்சம் கேஸ் கலந்தால் ஆத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று தீர்ப்பானது.

சோடாக்காரர் வாசலில் நின்று கட்டைவிரலால் கோலியை அமுக்கி அமுக்கி நீட்டினார். பூசாரி வாங்கி வாங்கி ஊற்றினார். ஒவ்வொரு ‘டப்’புக்கும் கூட்டம் கண்ணை மூடித் திறந்தது. அம்மனின் மஞ்சள் முகத்தில் நுரை பொங்கி இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருவரும் அதட்டவில்லை. கடைசிப் பாட்டில் முடிந்ததும் அவர் கும்பிடவில்லை, திருநீறும் வாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மணியில் அடைத்த துணியை அப்போதுதான் எடுத்தார்.

இனிமேல் ஆள் மாறிவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. மறுநாளே வண்டி நின்றது. சாமி இல்லை என்றார். ஆனால் முன்னைப்போல வாதம் ருசிக்கவில்லை. வியாபாரமும் பாதியானது.

சில வருஷம் கழித்து என் நடுப்பெண் காய்ச்சலில் போய்விட்டாள். நான் கோயில் பக்கமே போகவில்லை. ஒரு நாள் அவர் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணே, சாமி இல்லைன்னு இருந்துட்டா நிம்மதியா இருக்குமா?”

அவர் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நிம்மதிதான் தங்கச்சி. அங்க போயிக் கெஞ்சணும், இங்க போயி அழுவணும்னு ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு கொறதான். கோவம் வந்தா வைய ஒங்களுக்கு ஒருத்தி இருக்கா. அடைக்கியக் கொண்டுபோனதுக்கு நா யாரப் போயி வைய?”

துடைத்த பாட்டிலை வண்டியில் வைத்தார். “நீ போயி வஞ்சிட்டு வா. வந்து சோடா குடி” என்றார்.

போனேன். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவள் நான். அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் நின்று, வாய்க்குள்ளேயே, தெரிந்த வசவெல்லாம் வைதேன். தெரிந்தது கொஞ்சம்தான். தீர்ந்ததும் திரும்ப முதலில் இருந்து வைதேன். வெளியே வந்தபோது அவர் பன்னீர் சோடாவை உடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

அவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. சாமி கும்பிட்டது சுகமா, கும்பிடாதது சுகமா என்று இந்த வயசிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். என் பெண்ணுக்காக வைது முடித்ததும், வைய ஆளில்லாமல் போன மனிதருக்காகவும் இரண்டு வார்த்தை சேர்த்து வைதுவிட்டுத்தான் வருகிறேன்.