ஒரு ஆணிகூட வெளியே போகாது

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் ஜெகநாதன் வீட்டுப் பின்னறைக்குள் அவரைத் தவிர யாரும் போனதில்லை. போகவும் முடியாது, உள்ளே இடம் கிடையாது. விசைத்தறி மெக்கானிக்கான அவர், இருபது வருஷமாக எந்தத் தறிக்கொட்டகைக்கு ரிப்பேருக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. நூல் சுற்றும் பழைய பீம், நெளிந்த பைப்பு, மூடியில்லாத சாய டிரம், டிரம் இல்லாத மூடி. கேட்டால் ஒரே பதில்: "இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்." அந்த ஒரு நாள் மட்டும் எந்தக் காலண்டரிலும் வந்தபாடில்லை. அறைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

போன மாசம் ஒரு காலையில் கூடத்திலிருந்த வாஷிங் மிஷின், துணி பிழிகிற வேகத்தில் குதித்துக் குதித்து நகர்ந்து வந்து, இட்லி தின்றுகொண்டிருந்த ஜெகநாதனின் தட்டை இடித்தது. மனைவி இந்திராணி இடுப்பில் கைவைத்து நின்றாள். மகள் பேரைச் சொல்லி, அவளுடைய நைனா, அதாவது அப்பா, என்றுதான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

"பாத்தீங்களா ஹர்ஷினி நைனா? மிஷினே எடம் பத்தாம வூட்ட வுட்டுப் போய்க்கினு இருக்குது. மொதல்ல பின்னாடி ரூமைக் காலி பண்ணுங்க."

"மிஷின அங்க வெக்கவா?"

"இல்ல. நானும் பக்கத்து வூட்டு ரத்தினம்மாவும் ரெண்டு தையல் மிஷின் போடப் போறோம். திருப்பதியில ஒரு கடைக்காரரு ஜாக்கெட் ஆர்டர் தரேன்றாரு. எடம் இருக்குதான்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது, எங்க வூட்ல துருவுக்குத்தான் எடம்னா? ஞாயித்துக்கெழமை பழைய இரும்புக்காரன வரச் சொல்லிட்டேன்."

ஜெகநாதன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கர்ஜித்தார்.

"அடியே! அந்த ரூமுலேர்ந்து ஒரு ஆணிகூட வெளிய போவாது! இன்னா நெனச்சிக்கினு கீற? அது குப்பையில்ல, அத்தனையும் பொருளு. அதை வெச்சே கொல்லையில வாஷிங் மிஷினுக்குத் தனி ரூமு கட்டிக் காட்றேன். தொவைக்க, அலச, காயப்போட எல்லாத்துக்கும். கடையில ஒரு சாமான் வாங்க மாட்டேன்!"

இந்திராணி பின்னறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள், கொல்லையை ஒரு தடவை பார்த்தாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அந்தப் பார்வைக்குப் பயப்படத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவருக்குத் தெரியவில்லை.

"சரி, பந்தயம்" என்றாள். "காசு குடுத்து எதையாவது வாங்கினா ரூமு எனக்கு."

"வாங்காம முடிச்சிட்டா?"

"முடியற அன்னிக்கு அந்த ரூமுல உங்க பொருள் ஒரே ஒரு ஆணி மிச்சம் இருந்தாலும் ரூமு உங்களுக்கு. ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன். ஒண்ணுமே இல்லன்னா எனக்கு."

"ஒரு ஆணியா? உள்ள ஒரு லாரி லோடு கீதுடி!" ஜெகநாதன் சிரித்த சிரிப்பில் அரைஞாண் சாவி கலகலத்தது.

அன்றே கொல்லையில் வேலை ஆரம்பம். பீம்கள் தூண்களாயின. தறியின் மரச்சட்டங்கள் கதவாயின. யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மிஞ்சிய பதினாலு வகை டைல்ஸ், தரையில் பதினாலு ஜாதியாக உட்கார்ந்தன. சிமெண்டுக்கு மட்டும் கொஞ்சம் முழித்தார். பிறகு பக்கத்துத் தெரு மேஸ்திரியிடம் பழைய மோட்டார் ரெண்டைக் கொடுத்து ரெண்டு மூட்டை வாங்கிவந்தார்.

"ஒரு ஆணிகூட வெளிய போவாதுன்னீங்க?" என்றாள் இந்திராணி.

"போறது வேற, பண்டமாத்து வேற!"

"அது சரி" என்று உடனே ஒத்துக்கொண்டாள். இப்படி அவள் ஒத்துக்கொண்டது கல்யாணமாகி இதுவே முதல் தடவை.

நாலு சுவரும் கூரையும் எழும்பியபோது ஜெகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். அறையில் இன்னும் பாதி லாரி மிச்சம். ஜெயித்தாகிவிட்டது! அப்போது காப்பியோடு வந்தாள் இந்திராணி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. துணி காயப்போட ரேக்குதான் இல்ல. பாவம், அதுக்கெல்லாம் உங்ககிட்ட ஏது பொருளு?"

"ஏது பொருளா? யாரப் பாத்துக் கேக்கற?"

சாயங்காலத்துக்குள் சைக்கிள் ரிம் எட்டும் பைப்பு பதினொன்றும் ரேக்காகிவிட்டன. மறுநாள் ரத்தினம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, சால பாகுந்தி! ரொம்ப நல்லா கீது! எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. ஆனா சோப்பு வெக்க ஷெல்பு, நின்னு துணி மடிக்க மேடை, இதெல்லாம் உங்களாலயும் முடியாது, இல்ல?"

முடியாதா! ஷெல்பு வந்தது. மேடை வந்தது. அலசுகிற தண்ணீரை வாழைக்கு விட ஒரு வாய்க்கால், சாய டிரம்மில் ஒரு தொட்டி. முதல் தண்ணீரில் ஜெகநாதனின் வெள்ளை வேட்டி ரோஸ் கலரானது. அதற்கும் மனுஷன் அசரவில்லை. டிரம்மைச் சலவைச் சோடாவில் ஏழு தடவை கழுவி, அந்த ரோஸ் வேட்டியைக் கட்டிக்கொண்டே மேலே வேலை பார்த்தார். ரெண்டு பெண்களும் மாற்றி மாற்றி "முடியாது" என்றார்கள். அவர் மாற்றி மாற்றி முடித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. தெருவே கொல்லையில் நின்றது. ஜெகநாதன் தேங்காய் உடைத்து மிஷினைப் போட்டார். அது பிழிகிற வேகத்திலும் ஒரு அங்குலம் நகரவில்லை. கைத்தட்டல்! புத்தூரிலிருந்து வந்திருந்த மச்சான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேஸ்திரி தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நானே இவ்வளோ கெட்டியாக் கட்ட மாட்டேன்" என்றார். ஜெகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாகக் குப்பை குப்பை என்றார்களே, பார்க்கட்டும்!

"ஒரு கொறை" என்றாள் இந்திராணி. "சாமி காலண்டர் மாட்ட ஒரு ஆணி இல்ல. பரவால்ல வுடுங்க, கடையில வாங்கிக்கலாம்."

"கடையிலயா? பந்தயத்தக் கெடுக்கப் பாக்கறியா?"

ஜெகநாதன் பின்னறைக்கு ஓடினார். சாவியைப் போட்டுத் திறந்தார். மூலையில் குனிந்து துழாவினார். "கெடச்சிட்டுது!" என்று அவர் கத்தியது அறைக்குள் எதிரொலித்தது. முன்பெல்லாம் அங்கே எதிரொலிக்காது. அதை யோசிக்க அவருக்கு எங்கே நேரம்? வளைந்த ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, ஊர் பார்க்கச் சுவரில் ஓங்கி அடித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ரெண்டு தையல் மிஷின்.

"எங்க எறக்கணும்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எங்கயும் எறக்கத் தேவையில்ல!" என்று ஜெகநாதன் மார்தட்டிக்கொண்டு முன்னால் போனார். "பந்தயத்துல ஜெயிச்சது நானு. ஒரு சாமான் வாங்கல. அந்த ரூமுல என் பொருளு..."

திரும்பிப் பின்னறையைப் பார்த்தார். கதவு ஆவென்று திறந்திருந்தது. எதிர்ச்சுவர் தெரிந்தது. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

"ஒரு ஆணி இருந்துச்சே!" என்றார்.

இந்திராணி வாஷிங் ரூம் சுவரைத் தொட்டு, ஆணியை ஆட்டிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் அடிச்சிருக்கீங்க ஹர்ஷினி நைனா. அந்த ரூமு சாவிய இதுலயே மாட்டிடுங்க."