மாமா காட்டிய ஒற்றை விரல்

துப்பாக்கியின் வாய்க்குள் போன மெழுகு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பல்செட்காரர் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியின் கட்டை அவர் கால்களுக்கு நடுவே இருந்தது, குழாயின் வாய் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்துப் பார்த்துக் குறடால் இழுத்துக்கொண்டிருந்தார். பிடிமானத்துக்காகக் கால் கட்டைவிரல் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. அது விசை என்பதை அவர் கவனிக்கவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். "க்கும்... க்கும்."

மாமா அப்படித்தான் இருமுவார். முதல் இருமல் கூப்பிடுவதற்கு, இரண்டாவது அதட்டுவதற்கு. ஆனால் மாமா செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பல்செட்காரர் துப்பாக்கியைக் கீழே போட்டார். விழுந்த அதிர்வில் மெழுகு தானாகக் கழன்று வந்தது.

"என்னங்க, நீங்களா இருமினது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"நான் இல்ல."

"எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்."

பல்செட்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பார். எந்த நோயாளியையும் நேரில் பார்த்தது கிடையாது. வாயின் அச்சு வந்தால் போதும், ஆளின் வயது, கோபம், மென்று தின்கிற பக்கம் எல்லாம் சொல்லிவிடுவார். அதனால்தான் துப்பாக்கிக்குத் தோட்டா தேட வேண்டும் என்றதும் அவர் முதலில் செய்த காரியம், அதன் வாயில் பல்செட் மெழுகை அடைத்து அச்செடுத்தது.

துப்பாக்கி, அவரை வளர்த்து ஆளாக்கிய தாய்மாமாவினுடையது. மாமா இருந்தவரை அதை யாரையும் தொடவிட்டதில்லை. அது மாட்டியிருந்த சுவருக்கு எதிரே நல்ல சோபா ஒன்று இருந்தது, அதிலும் யாரையும் உட்காரவிட்டதில்லை. அவ்வளவு நல்ல சோபா வீணாகிறதே என்று மச்சானுக்குத் தீராத வருத்தம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வந்தவன், சோபாவைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டான். மாமா கண்ணை மூடியதும் முதல் வேலையாக அதில் போய்ப் படுத்தான். துப்பாக்கிக் குழாய் அவன் நெற்றிக்கு நேரே இருந்தது.

மாமாவுக்குக் கடைசி நாட்களில் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் வேலை செய்தது. ஒருநாள் அந்தக் கையால் சுவரில் இருந்த துப்பாக்கியைக் காட்டினார். அப்புறம் ஒற்றை விரலை நிமிர்த்தினார். மறுபடி துப்பாக்கி, மறுபடி ஒற்றை விரல். அன்று முழுக்க இதே வேலை.

மச்சான்தான் விளக்கம் சொன்னான்: "புரியலையா அத்தான்? தான் போனதும் மரியாதைக்கு ஒரு வேட்டு போடச் சொல்றாரு."

அதைக் கேட்டு மாமா உள்ளங்கையால் தன் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"பாவம், உணர்ச்சிவசப்படுறாரு," என்றான் மச்சான்.

பல்செட்காரர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பாடுபட்டாவது ஒரு வேட்டு போட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தார். அப்பா அம்மா முகம் நினைவில் இல்லாத அவருக்கு எல்லாமே மாமாதான். மாமா அவரிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கடைசியில் ஒன்று கேட்டார், அதைச் செய்யாமல் விட்டால் மனிதனே இல்லை என்று நினைத்தார்.

மாமா போனபின் துப்பாக்கி உரிமத்தைப் பல்செட்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுத்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். ஊருக்கு வெளியே சுடுபயிற்சி மைதானத்தில் ஒரு வேட்டு போட்டுக்கொள்ளலாம், ஆனால் தோட்டாவைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் துப்பாக்கி வீட்டு வாசலைத் தாண்டலாம். நியாயமான நிபந்தனைதான். ஆனால் துப்பாக்கிக் கடைக்காரரோ துப்பாக்கியைக் காட்டாமல் தோட்டா கேட்டவர்களை அதுவரை பார்த்ததில்லை.

கடைக்காரர் ரோஸ் நிற மெழுகு அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோட பல்லு?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அளவுகோல் வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். பெரிய ரகத்துக்கும் சின்ன ரகத்துக்கும் நடுவே எங்கேயோ நிற்கிற அளவு. எந்தக் காலத்திலோ ஒரு சின்னக் கம்பெனி இந்த அளவில் கொஞ்சம் துப்பாக்கிகள் செய்தது, அதற்குத் தோட்டாவும் அவர்களே செய்தார்கள், அப்புறம் கம்பெனியும் இல்லை, தோட்டாவும் இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

"இன்னொண்ணு சார். வாய மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. பின்னாடி திறந்து வயித்தப் பாக்கணும்."

"எங்க தொழில்ல வாயப் பாத்தாலே போதுங்க," என்றார் பல்செட்காரர், கொஞ்சம் கௌரவமாக.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மாமாவே எத்தனையோ வருஷமாக அதைத் திறந்திருக்க மாட்டார் போலிருந்தது. மூடியின் ஓரமெல்லாம் பழைய கீறல்கள். யாரோ நெம்பி நெம்பிப் பார்த்துக் கைவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குள் இருமல் தினப்படி வாடிக்கை ஆகிவிட்டது. பட்டப்பகலில், பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது கேட்டது. யாராவது துப்பாக்கிப் பக்கம் போனால் கட்டாயம் கேட்டது. பல்செட்காரரின் கனவில் மாமா வந்தார். துப்பாக்கியைக் காட்டுவார், ஒற்றை விரலைக் காட்டுவார், நெற்றியில் அறைந்துகொள்வார். ஒவ்வொரு தடவையும் அறை பலமாகிக்கொண்டே போனது.

"லேட்டாகுதுன்னு கோவப்படுறாரு," என்றான் மச்சான், சோபாவில் படுத்தபடி.

மனைவிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. அவள் அதை இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"அது வேட்டு இல்லங்க. ஒரு ஆளு. நம்மள்ல ஒருத்தரக் கூட்டிட்டுப் போகப் போறாரு."

பல்செட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் மட்டும், யாரைக் கூப்பிட்டாலும் வயசுப்படி அத்தானைத்தான் கூப்பிடுவார் என்று அக்காவுக்கு ஆறுதல் சொன்னான்.

துரு போகத் தினமும் எண்ணெய் விடலாம் என்பது மச்சானின் யோசனை. காலையிலும் மாலையிலும் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பின்பக்கம் அசையவில்லை, ஆனால் விசை நன்றாக இளகிவிட்டது. முன்பெல்லாம் முழுப் பலத்தோடு இழுத்தாலும் வராது, இப்போது விரல் பட்டாலே அசைந்துகொடுத்தது.

"பாருங்க, வேலை நடக்குது," என்று மச்சான் பெருமைப்பட்டான்.

ஒருநாள் மனைவி அதே துப்பாக்கியால் மூலையில் இருந்த ஒட்டடையைத் தட்டினாள். அவளுக்கும் வீட்டில் சிரித்து நாளாகிவிட்டது. தட்டி முடித்த கையோடு சும்மா விளையாட்டுக்குப் புருஷனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"உண்மையச் சொல்லுங்க. என் தம்பியச் சாயங்காலம் என்னன்னு திட்டினீங்க?"

அவள் விரல் விசையைத் தேடிப் போனது. எதிர்ச்சுவரில் இருந்த மாமாவின் படம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. கண்ணாடி கூடம் முழுக்கச் சிதறியது. அவள் துப்பாக்கியை நழுவவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். இந்த வாரத்துக்குள் பெரியவர் கேட்டதைக் கொடுத்து அனுப்பாவிட்டால் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகவும், திரும்பி வருவதைப் பற்றி அங்கே போய் யோசிப்பதாகவும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

மச்சான் அக்காவுக்காகக் களத்தில் இறங்கினான். வாழ்க்கையில் அவன் தானாக எழுந்து செய்த முதல் காரியம் அதுதான். பின்பக்கம் திறக்கவில்லையென்றால் முன்பக்கமாக ஒரு இரும்புக் கம்பியை விட்டுத் தட்டித் திறந்துவிடலாம் என்றான். துப்பாக்கியைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, குழாயின் வாய்க்குள் கம்பியை இறக்கினான். கம்பி அடிவரை போகவில்லை. கொஞ்சம் மேலேயே எதிலோ முட்டி நின்றது.

"துரு அடைச்சிட்டு நிக்குது அத்தான். அந்தச் சுத்தியக் குடுங்க."

முகத்தைக் குழாய்க்கு மேலே வைத்துக்கொண்டு கம்பியின் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டான். வீட்டு விளக்கெல்லாம் அணைந்தன. இரண்டாவது போட்டுக்கு அலமாரிக் கதவு தானாகத் திறந்து பாத்திரங்கள் உருண்டன. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது யாரோ அவன் காதுக்குள்ளேயே இருமினார்கள். சுத்தி கையிலிருந்து பறந்துபோய் ஜன்னலை உடைத்தது. கம்பியை அங்கேயே விட்டுவிட்டு மச்சான் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, மாமாவுக்கு ரொம்ப அவசரம் போலிருக்கிறது என்று அங்கிருந்தே சொன்னான்.

பல்செட்காரர் அழுதுவிட்டார். கம்பியை உருவி எடுத்து, துப்பாக்கியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுதானே மாமா கேட்ட. அது கிடைக்க மாட்டேங்குதே, நான் என்ன செய்யட்டும்," என்று விசும்பினார். ரொம்பக் களைத்துப்போன ஒருவர் பெருமூச்சு விடுவது மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

கடைசியில் கடைக்காரர்தான் வழி சொன்னார். சுடுபயிற்சி மைதானத்தில் ஒரு அம்மா இருக்கிறார், எந்த அளவுக்கும் தோட்டா கட்டித் தருவார். அளவு அபூர்வம் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தோட்டாக்காரம்மா தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்.

வந்தவருக்குக் கனத்த உடம்பு, தோளில் ஒரு தோல் பை. பேச்சு குறைவு. பல்செட்காரர் பெருமையோடு நீட்டிய மெழுகு அச்சை வாங்கி, பார்க்காமலே மேஜைமேல் வைத்தார். மனைவி பெட்டியோடு வாசல்படியில் நின்றாள், எது நடந்தாலும் கிளம்ப வசதியாக. மச்சான் பழைய தைரியம் வந்து சோபாவில் இருந்தான்.

தோட்டாக்காரம்மா துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினார். வாயை யார் பக்கமும் இல்லாமல் வெற்றுச் சுவருக்கு நேரே திருப்பிக்கொண்டார். அவர்கள் யாருக்கும் இத்தனை நாளில் அப்படிப் பிடிக்கத் தோன்றியதில்லை.

"அது திறக்காதுங்க. துரு," என்றார் பல்செட்காரர்.

இத்தனை நாள் விட்ட எண்ணெய் வீண் போகவில்லை. அந்த அம்மாள் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியதும் பின்பக்கம் நெகிழ்ந்து திறந்துகொண்டது. குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. வெகுநேரம் அசையாமல் இருந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"இதை யாராவது தட்டுனீங்களா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"நான்தாங்க. சுத்தியால," என்றான் மச்சான், பாராட்டை எதிர்பார்த்து.

"யாராவது விசையில கை வச்சீங்களா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாதமாக இல்லாத அமைதி. இருமல் கேட்கும் என்று பல்செட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கேட்கவில்லை.

தோட்டாக்காரம்மா மெல்ல நிமிர்ந்தார். சோபாவில் இருந்தவனையும், வாசலில் நின்றவளையும், எதிரே நின்ற பல்செட்காரரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் துப்பாக்கியைக் காட்டினார். வலது கையில் ஒற்றை விரலை நிமிர்த்தினார்.

"உள்ள ஒண்ணு இருக்குங்க."